பழைய இசைத்தட்டும் புதிய கணினியும்



தோட்டத்து லயங்களில் வாழ்ந்த குடும்பங்களில் கட்டிலுக்கடியில் ஒரு தகரப்பெட்டி இருப்பது வழக்கம். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, கல்யாணப் புகைப்படம் எல்லாம் அதற்குள் இருக்கும். சில வீடுகளில் அவற்றுக்கும் அடியில், பழைய வேட்டியில் சுற்றிய நான்கைந்து இசைத்தட்டுகளும் இருக்கும். பாட்டுப்பெட்டி எப்போதோ பழுதாகிப் போயிருக்கும். ஆனால் தட்டுகளை எறிய மட்டும் யாருக்கும் மனம் வராது.

தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகும் நாளில்தான் கேள்வி எழுகிறது. "இதைத் தூக்கிக்கொண்டு போவதா, இங்கேயே போட்டுவிட்டுப் போவதா?" போட்டுவிட்டுப் போக வேண்டாம் என்பதே நமது விடை. அந்தத் தட்டுகளில் உள்ள ஓசையைக் கணினிக்குள் கொண்டு வந்து, பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் பகிர்ந்து கொடுக்க முடியும். அது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

முதலில் இசைத்தட்டு என்றால் என்ன என்று பார்ப்போம். பால்மரம் சீவுகிறவர் கத்தியால் பட்டையில் ஒரு கோடு இழுக்கிறார் அல்லவா? பால் அந்தக் கோட்டின் வழியே இறங்கி மங்கில் விழுகிறது. இசைத்தட்டிலும் அப்படி ஒரு கோடு உண்டு. வெளி ஓரத்தில் தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கிச் செல்லும் ஒரே கோடு அது. பாடகரின் குரல் அந்தக் கோட்டில் நெளிவுகளாகப் பதிந்திருக்கிறது. ஊசி அதன் வழியே போகும்போது நெளிவுக்கு ஏற்றபடி அதிர்கிறது. அந்த அதிர்வுதான் நமக்குப் பாட்டாகக் கேட்கிறது.

நம் வீடுகளில் இரண்டு வகைத் தட்டுகள் கிடைக்கும். ஒன்று, நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய தட்டு. இது அரக்கும் கல்தூளும் கலந்து செய்யப்பட்டது, கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டுதான் இருக்கும். மற்றொன்று, வளைந்து கொடுக்கும் வினைல் தட்டு. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் நீண்ட நேரத் தட்டு 1948-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. 45 முறை சுற்றும் சிறிய தட்டு அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. எந்தத் தட்டு எந்த வகை என்று அறிந்துகொள்வது மிகவும் முக்கியம். அதை அறியாமல் நாம் செய்த ஒரு தவறு, இந்தப் பேச்சுக்கே காரணமாயிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், நம் பள்ளி மாணவி ஒருத்தியின் பாட்டி நான்கு தட்டுகளைக் கொடுத்தனுப்பினார். எல்லாம் 78 வகை. பூஞ்சணம் படிந்திருந்தது. "சுத்தமாகத் துடைத்த பிறகே பதிவு செய்ய வேண்டும்" என்று எண்ணி, மருந்துப் பெட்டியில் இருந்த ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து முதல் தட்டைத் துடைத்தோம். சற்று நேரத்தில் தட்டின் மேல்பரப்பு பிசுபிசுத்தது. பளபளப்பு மறைந்து வெளுத்தது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். மரச்சாமான்களுக்குப் பூசும் அரக்கு வார்னிஷே அப்படிக் கரைத்துத்தான் செய்யப்படுகிறது. இது நமக்குத் தெரிந்திருந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அந்தப் பக்கம் ஒரு தாலாட்டு. பாடிய பெண்ணின் பெயர் லேபிளில் முன்பே மங்கியிருந்தது. பிறகு எங்கெங்கோ தேடிப் பார்த்தோம். அந்தப் பாட்டு இன்றுவரை கிடைக்கவில்லை.

பாட்டியிடம் போய்ச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "சரி, போனது போச்சு வாத்தியாரே. மத்த மூணையாவது பார்த்துச் செய்யுங்க" என்றார். கோபித்திருந்தால்கூட மனம் ஆறியிருக்கும்.

ஆகவே நேயர்களே, முதல் விதி இது: 78 தட்டில் ஸ்பிரிட், சாராயம் கலந்த எந்தத் திரவமும் படக்கூடாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். அழுக்குப் போகாவிட்டால், காருக்கு பேட்டரித் தண்ணீர் விற்கும் கடையில் வடிநீர் கிடைக்கும். அதில் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, கோடு செல்லும் திசையிலேயே துடையுங்கள். பிறகு வெறும் வடிநீரில் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்து, நிழலில் காயவிடுங்கள். லேபிளில் ஈரம் படக்கூடாது. தட்டை ஊற வைக்கவும் கூடாது.

இரண்டாவது, ஊசி. 78 தட்டின் கோடு அகலமானது; அதற்கு ஏறக்குறைய ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு பருமனுள்ள ஊசிமுனை வேண்டும். வினைல் தட்டுக்கு அதில் நான்கில் ஒரு பங்கு போதும். சிறிய ஊசியை 78 தட்டில் வைத்தால் அது கோட்டின் அடியில் புரண்டு இரைச்சலையே அதிகம் தரும். பெரிய ஊசியையோ, சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோனின் எஃகு ஊசியையோ வினைல் தட்டில் வைத்தால் கோடு சிதைந்துவிடும். எனவே தட்டுக்கு ஏற்ற ஊசியை முதலில் தேடுங்கள்.

இனி, இணைக்கும் முறைக்கு வருவோம்.

தட்டுச் சுழற்றியின் ஊசிப்பெட்டியிலிருந்து வரும் மின்சாரம் மிகவும் மெலிந்தது. இக்காலச் சுழற்றிகள் பலவற்றில் உள்ள காந்த வகைப் பெட்டி ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் நான்கைந்து பங்கு மட்டுமே தரும். கணினி எதிர்பார்ப்பதோ அதைப்போல் அறுபது, எழுபது மடங்கு. இன்னொரு சங்கதியும் உண்டு. தட்டைத் தயாரிக்கும்போது, மத்தளம் போன்ற தடித்த ஓசைகளைக் குறைத்தும் சலங்கை போன்ற மெல்லிய கூரிய ஓசைகளைக் கூட்டியும் பதிக்கிறார்கள். தடித்த ஓசையை அப்படியே பதித்தால் கோடு அகலமாக நெளிந்து பக்கத்துக் கோட்டில் மோதிவிடும். கேட்கும்போது அதைத் தலைகீழாக மாற்ற வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு 1954-இல் அமெரிக்காவில் ஒரு பொது அளவு வகுக்கப்பட்டது. பின்னர் மற்ற நாடுகளும் அதைப் பின்பற்றின.

இந்த இரண்டு வேலையையும் செய்வது, ஆம்பிளிபயரின் பின்புறம் "ஃபோனோ" என்று எழுதியிருக்கும் துளைக்குள் இருக்கும் பகுதி. சுழற்றியின் சிவப்பு, வெள்ளைக் கம்பிகளை அங்கே செருகுங்கள். கூடவே வரும் மெல்லிய தனிக் கம்பியை அருகில் உள்ள தரைத் திருகில் கட்டுங்கள். அதைக் கட்ட மறந்தால் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து பதியும். ஆம்பிளிபயர் இல்லாதவர்கள் "ஃபோனோ ப்ரீஆம்ப்" என்ற சிறு பெட்டியைத் தனியாக வாங்கலாம். புதிய சுழற்றிகள் சிலவற்றுக்குள்ளேயே அது இருக்கும். பின்புறம் "ஃபோனோ", "லைன்" என்று ஒரு சிறு விசை இருக்கிறதா என்று பாருங்கள். அதை "லைன்" பக்கம் தள்ளினால் இந்தப் பெட்டி தேவையில்லை. ஆனால் அப்போது ஆம்பிளிபயரின் ஃபோனோ துளையில் செருகக்கூடாது.

ஆம்பிளிபயரிலிருந்து கணினிக்கு எடுக்கும் இடம் "டேப் அவுட்" அல்லது "ரெக் அவுட்" என்ற துளை. முன்பு கேசட்டில் பதிவு செய்யப் பயன்பட்ட அதே துளைதான். மேசைக் கணினியில் நீல நிறத் துளை இருந்தால் அதில் செருகலாம். மடிக்கணினிகளில் பெரும்பாலும் அது இராது. அவற்றின் மைக் துளை இதற்கு ஏற்றதன்று. அங்கே செருகினால் ஓசை உடைந்து, இரண்டு பக்க ஒலியும் ஒன்றாகிவிடும். யு.எஸ்.பி. வழியாக இணையும் சிறிய ஒலிப்பெட்டி ஒன்று வாங்குவதே நல்லது. வாங்கும்போது "லைன் இன், ஸ்டீரியோ" என்று கேட்டு வாங்குங்கள். மைக் மட்டும் எடுக்கும் மலிவான குச்சிகள் பயன்படா.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒலிபெருக்கிக்குப் போகும் கம்பியைக் கணினியில் செருகாதீர்கள், கணினி கெட்டுப்போகும். வால்வு வைத்த பழைய ரேடியோகிராமின் உள்ளே கைவைக்கவும் கூடாது. சில பெட்டிகளில் இரும்புச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும்.

சரி, கணினிக்குள் போனதும் ஓசைக்கு என்ன ஆகிறது? தோட்டத்து ஆபீஸ் வாசலில் மழைமானி வைத்திருப்பார்கள். காலையில் ஒரு முறை அளந்தால் அன்றைய மொத்த மழை மட்டும் தெரியும். நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து எழுதினால், மழை எப்போது வலுத்தது, எப்போது தணிந்தது என்று படமே வரைந்துவிடலாம். கணினியும் ஓசையை அப்படித்தான் அளக்கிறது. 1982-இல் விற்பனைக்கு வந்த சிடி தட்டில், ஒரு விநாடிக்கு 44,100 முறை அளக்கிறார்கள். மனிதக் காது விநாடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வு வரை கேட்கும். அதைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால்தான் ஓசை குறையாமல் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு அளவும் 65,536 படிகளில் ஒன்றாகக் குறிக்கப்படுகிறது. இதை 16 பிட் என்பார்கள். வசதியிருந்தால் விநாடிக்கு 96,000 முறை, 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இன்னும் நுட்பமானது.

இதற்கு வேண்டிய மென்பொருளை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு வெளிவந்த "ஆடாசிட்டி" என்ற இலவச மென்பொருள் போதும்.

பதிவைத் தொடங்குமுன், தட்டில் மிகவும் உரத்து ஒலிக்கும் இடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரையில் அளவுமானி ஏறி இறங்கும். பூஜ்யம் என்பது எல்லை. மிக உரத்த இடத்திலும் மானி கழித்தல் 6-ஐத் தாண்டாதபடி வையுங்கள். ஏன் தெரியுமா? மங்கு நிறைந்து வழிந்தால், வழிந்த பால் மண்ணில் போனதுதான். அதைத் திரும்ப எடுக்க முடியாது. கணினியிலும் எல்லைக்கு மேல் போன ஓசை வெட்டுப்பட்டுப் போகும். குறைவாகப் பதிந்ததைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம். வழிந்ததை மீட்க முடியாது.

உங்கள் சுழற்றியில் 78 வேகம் இல்லையென்றாலும் கவலை வேண்டாம். 45-இல் ஓடவிட்டுப் பதிவு செய்து, பிறகு மென்பொருளில் வேகத்தை 78-க்கு மாற்றிக்கொள்ளலாம்.

பதிவு செய்யும்போது தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக, ஊசி வைக்கும் ஓசை முதல் எடுக்கும் ஓசை வரை பதியுங்கள். மேசையைத் தட்டாதீர்கள்; அருகில் பிள்ளைகள் ஓட வேண்டாம். பதிந்ததை முதலில் "வேவ்" அல்லது "ஃப்ளாக்" வடிவில் சேமியுங்கள். சிடி அளவில் ஒரு நிமிடம் வேவ் வடிவில் ஏறக்குறைய 10 மெகாபைட் இடம் பிடிக்கும். நாற்பது நிமிடத் தட்டுக்கு 400-க்குச் சற்று மேல். இந்த முதல் பதிவில் எதையும் மாற்றாதீர்கள். "கரகர" ஓசையை நீக்குவதென்றால் அதன் நகலில் நீக்குங்கள். அளவுக்கு மீறி நீக்கினால் குரலும் சேர்ந்து தேய்ந்துவிடும். கைப்பேசியில் கேட்பதற்கு "எம்பி3" வடிவில் ஒரு சிறு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தத் தட்டை முதலில் எடுப்பது? புகழ்பெற்ற திரைப்பாடல் என்றால் வேறிடத்தில் கிடைக்கும், அது காத்திருக்கட்டும். வேறெங்கும் கேட்டறியாத தட்டு எதுவோ, அதை முதலில் எடுங்கள். வேலை முடிந்ததும் தட்டை எறிந்துவிடவும் வேண்டாம். தகரக் கூரையின் சூட்டுக்கு எட்டாமல், படுக்கவைக்காமல், புத்தகம்போல் நிறுத்தி வையுங்கள்.

கணினி பழுதாகும், கைப்பேசி தொலையும். ஆகவே பதிவை மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று தனி ஹார்டு டிஸ்கில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ. பதிவை விற்பனை செய்யக்கூடாது.

தட்டின் லேபிளையும் உறையின் இரண்டு பக்கங்களையும் படம் பிடித்து, பதிவோடு சேர்த்து வைக்க மறவாதீர்கள். பாட்டியின் மற்ற மூன்று தட்டுகளையும் நல்லபடியாகப் பதிவு செய்தோம். அவற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, ஓர் உறையின் உட்புறம் பென்சிலால் ஏதோ எழுதியிருந்ததைக் காட்டினோம். பாட்டிக்கு எழுத்துத் தெரியாது. அத்தனை ஆண்டுகள் பெட்டியில் வைத்திருந்தும் அது என்னவென்று அவர் அறியார். "படிச்சுச் சொல்லுங்க வாத்தியாரே" என்றார். படித்துச் சொன்னோம். மூத்த பிள்ளை பிறந்த மாதம் வாங்கியது என்று அவர் கணவர் எழுதி வைத்திருந்தார். பாட்டி அந்த உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "பாட்டைப் போடுங்க" என்றார்.

இந்த வார விடுமுறையில் உங்கள் வீட்டுத் தகரப்பெட்டியைத் திறந்து பாருங்கள், நேயர்களே. ஸ்பிரிட் பாட்டிலை மட்டும் எட்ட வைத்துவிடுங்கள்.