தோழியின் அஸ்திக் கலசம்

படக்கதை என்றதும், பள்ளிச் சிறுவர் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படிக்கும் பொருள் என்றே பெற்றோரில் பலர் எண்ணுவர். ஜப்பானில் நிலைமை வேறு. அங்கே 'மாங்கா' எனப்படும் படக்கதைகளை அலுவலகம் செல்லும் ஆண்களும் பெண்களும் விரும்பி வாசிக்கின்றனர். அவற்றுள் 'மை புரோக்கன் மாரிகோ' என்னும் சிறு படைப்பைப் பற்றி இங்கு எழுத விழைகின்றோம். ஹிராகோ வாகா என்பவர் எழுதி வரைந்த இக்கதை 2019-இல் தொடராக வெளிவரத் தொடங்கி, 2020 ஜனவரியில் ஒரே தொகுதியாக அச்சேறியது. 2022-இல் தனாதா யூகி இதனைத் திரைப்படமாக்கினார். சிறுவர் கையில் கொடுக்கத்தக்க நூலன்று இது. வன்முறையும் கடுஞ்சொற்களும் உண்டு. ஆயின் பெற்றோர் வாசிக்க வேண்டும் என்றே கூறுவோம்.

ஷீனோ என்ற இளம்பெண் விற்பனைப் பணி செய்பவள். உணவகத்தில் உண்டுகொண்டிருக்கையில் தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு பெயர் அவள் காதில் விழுகிறது. பள்ளி நாள் முதல் உயிர்த்தோழியாயிருந்த மாரிகோ, தான் குடியிருந்த மாடியிலிருந்து விழுந்து மாண்டுபோனாள். ஊராருக்கெல்லாம் வாசிக்கப்பட்ட செய்தியாகவே ஷீனோவுக்கும் அது வந்து சேர்கிறது. வீடு தேடி வந்து சொல்வார் எவருமில்லை. அவள் உறவினள் அல்லள், வெறும் தோழி.

ஜப்பானில் இறந்தோர் ஏறக்குறைய அனைவரும் தகனம் செய்யப்படுகின்றனர். எரிந்தபின் எஞ்சும் எலும்புகளை உறவினர் குச்சிகளால் எடுத்துக் கலசத்தில் இடுவர். கால் எலும்பில் தொடங்கித் தலை எலும்பில் முடிப்பர். பெரும்பாலும் 49-ஆம் நாள் வரை கலசம் வீட்டில் இருக்கும். பின்னரே குடும்பக் கல்லறையில் சேர்க்கப்படும். இம்முறைப்படி மாரிகோவின் எலும்புகள் தந்தையின் வீட்டுக்குச் செல்கின்றன. சிறு வயது முதல் அவளை அடித்து நொறுக்கியவன் அந்தத் தந்தையே. பாலியல் கொடுமைக்கு ஆளாக்கியவனும் அவனே.

ஷீனோ கத்தியுடன் அவ்வீட்டினுள் புகுந்து, கலசத்தைப் பறித்துக்கொண்டு வெளியே குதித்து ஓடுகிறாள். திருட்டுத்தான், கத்தியை நீட்டியதும் குற்றந்தான், மறைக்கல்வி ஆசிரியர் எவரும் இதனை முன்மாதிரியாகக் காட்டமாட்டார். ஆயினும் ஒரு பெண்ணைச் சிதைத்தவன் இரத்த உறவு என்ற ஒரே காரணத்தால் அவள் எலும்புகளுக்கு முன் அமர்ந்து துக்கம் காக்கலாம், அவளைத் தாங்கியவளோ வாசலில் நிற்க வேண்டும் என்றால், அந்த நியாயத்தை நம் மனம் ஏற்க மறுக்கிறது. எந்த நாட்டிலும் துக்க வீட்டுக்கு வருவோர் பெற்றோரின் கையைப் பற்றி ஆறுதல் சொல்வர். செருப்புகளுக்கு அருகே தயங்கி நிற்கும் நண்பனிடம் ஒரு சொல் பேசுவோர் மிகச் சிலரே.

இந்நூலாசிரியர் நட்பை வண்ணப் படமாக்கவில்லை. அதுவே நம்மைக் கவர்ந்தது. மாரிகோ எளிதில் தாங்கத்தக்க தோழியல்லள். ஷீனோ தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்று அஞ்சி மணிக்கட்டை அறுத்துக்கொள்கிறாள். வளர்ந்த பின்னும் தன்னை அடிக்கும் ஆடவனிடமே திரும்பச் செல்கிறாள். அடிபட்டு வளர்ந்த பிள்ளை அடியைத் தன் குற்றத்தின் கூலியாகவே எண்ணக் கற்றுக்கொள்கிறது. அந்தக் கல்வியைப் பிற்காலத்தில் ஒரு தோழியின் அன்பால் மட்டும் அழித்துவிட இயல்வதில்லை. ஷீனோவுக்கே சில நாள் சலிப்புத் தட்டியதுண்டு. இப்போது அவளை அச்சுறுத்துவது வேறொன்று. நாள் செல்லச் செல்ல அந்தத் தொல்லைகள் மறந்துபோய், அழகிய மாரிகோ மட்டுமே நினைவில் எஞ்சுவாளோ என்று அஞ்சுகிறாள். இறந்தோரைப் புகழ்ந்து புகழ்ந்து அவர்களை நாம் இரண்டாம் முறை இழக்கிறோம் என்பதை இத்துணைத் துல்லியமாகச் சொன்ன நூல்கள் சிலவே. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கலசத்தைப் பார்த்து அவள் சினப்பதும் அன்பின் ஒரு முகமே.

தற்கொலை என்றதும் திருச்சபை கதவடைக்கும் என்று இன்னும் அஞ்சும் குடும்பங்கள் உள. 1917-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, வேண்டுமென்றே தம்முயிரை மாய்த்துக்கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-ஆம் ஆண்டின் தொகுப்பில் அவ்விதி இல்லை. அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல் தெளிவாகக் கூறுகிறது.

ஜப்பானியச் சட்டமும் மெல்லவே நகர்ந்தது. குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டம் 2000-இல் பிறந்தது. பெற்றோர் பிள்ளைகளை உடல்வருத்தித் தண்டிக்கலாகாது என்ற விதி 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பெற்றோருக்குத் தண்டிக்கும் உரிமை வழங்கிய குடிமைச் சட்டப் பிரிவு 2022 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. கதையிலுள்ள மாரிகோ இவற்றுள் பிந்திய இரண்டும் வருமுன் வளர்ந்தவள்.

மாரிகோ காண விரும்பிய கடல்முனைக்கு ஷீனோ கலசத்தைக் கொண்டு செல்கிறாள். வழியில் ஒருவன் பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். அறிமுகமற்ற மனிதர் ஒருவர் உதவுகிறார். கடற்கரையில் ஓர் இளம்பெண் கயவன் ஒருவனிடமிருந்து தப்பி ஓடிவர, ஷீனோ கையிலிருந்த கலசத்தாலேயே அவனைத் தாக்குகிறாள். கலசம் திறந்து மாரிகோ காற்றில் பறந்துவிடுகிறாள். உயிரோடு இருந்தபோது தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவள், இறந்தபின் வேறொரு பெண்ணைக் காக்கிறாள்.

பின்பு ஷீனோ ஊர் திரும்புகிறாள், வேலைக்குப் போகிறாள், உண்கிறாள். ஒரு நாள் மாரிகோ இறுதியாக எழுதிய மடல் அவள் கைக்கு வருகிறது. ஷீனோ அதைப் பிரித்து வாசிக்கிறாள். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை ஆசிரியர் நமக்குக் காட்டவில்லை. அது அவ்விருவருக்கும் உரியது.