பிழை அறிக்கையை முடிக்கும் மாற்றக் குறிப்பேடு

கல்கத்தாவை அடுத்த பாராநகரில், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், 1956-ஆம் ஆண்டு ஹெச்.இ.சி.-2எம் என்னும் மின்னணுக் கணிப்பொறி இயங்கத் தொடங்கிற்று. இந்தியாவின் முதல் இலக்கமுறைக் கணிப்பொறி இதுவே. அன்று யந்திரம் ஒன்று. அதனைக் கையாண்டோரும் சிலர். எனவே பிழை கண்டவர் திருத்துவோரிடம் நேரிற் கூறுதல் எளிதாயிருந்தது. இன்றோ ஒரே மென்பொருளைப் பல இலட்சம் பேர் பயன்படுத்துகின்றனர். தாம் தெரிவித்த பிழை திருத்தப்பட்டதா என்பதை அவர்கள் எவ்வாறு அறிவர்?

1993-இல் தொடங்கிய டெபியன் என்னும் திட்டம் இதற்கு எளிய வழியொன்றைக் கையாளுகிறது. கொல்கத்தா ஆசிரியர் ஒருவர், வங்கக் கூட்டெழுத்துத் திரையில் சிதைந்து தோன்றுவதைத் தெரிவிப்பதாகக் கொள்வோம். அவ்வறிக்கைக்கு ஓர் எண் வழங்கப்படும். பொறுப்பாளர் பிழையைத் திருத்தியபின், செய்த மாற்றத்தை மென்பொருளுடன் செல்லும் மாற்றக் குறிப்பேட்டில் எழுதுவார். அவ்வரியின் இறுதியில், ‘முடிக்கிறது’ எனப் பொருள்படும் ‘குளோசஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் அறிக்கையின் எண்ணையும் சேர்ப்பார். புதிய பதிப்பு மையக் களஞ்சியத்தில் ஏற்கப்பட்டவுடன், யந்திரமே அவ்வரியைப் படித்து அறிக்கையை முடித்து, ஆசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பும். எந்தப் பதிப்பில் பிழை நீங்கிற்று என்பதும் பதிவாகும். ஆதலால் பழைய பதிப்பை வைத்திருப்போர், தம்மிடம் பிழை எஞ்சியிருப்பதை உணரலாம்.

எனினும் யந்திரம் காண்பது சொல்லையும் எண்ணையும் மட்டுமே. திருத்தம் மெய்யா என்பதை அது சோதிப்பதில்லை. ஓர் இலக்கம் பிறழ்ந்தால், தொடர்பற்ற வேறொருவரின் அறிக்கை முடிந்துவிடும். ஆகவே ‘திருத்தப்பட்டது’ என்று மட்டும் எழுதாது, எது எவ்வாறு மாற்றப்பட்டது என விளக்குதல் வேண்டும். பிழை நீங்காதிருப்பின், அறிக்கையை மீண்டும் திறக்கவும் வழியுண்டு.

இவ்விடத்தில், புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பேராசிரியர் மகாலநோபிஸின் முறை நினைவுகூரத்தக்கது. 1937-இல் தொடங்கிய வங்காளச் சணல் ஆய்வுகளில், அவர் ஒரே பகுதியில் இரு மாதிரிகளை எடுத்து, வெவ்வேறு குழுவினரைக் கொண்டு தனித்தனியே கணக்கெடுக்கச் செய்தார். இரு முடிவுகளின் வேறுபாடு பிழையின் அளவைக் காட்டிற்று. ஒருவரின் கூற்றை மற்றொருவர் சார்பின்றிச் சோதித்தலே இதன் சாரம்.

களப்பணியாளரும் ஆசிரியரும் தம் பதிவேடுகளில் இதனைப் பின்பற்றலாம். ஒவ்வொரு குறைக்கும் எண் இடுக; திருத்தக் குறிப்பில் அவ்வெண்ணைச் சுட்டுக; திருத்தியவரல்லாத ஒருவர் சரிபார்த்த பின்னரே குறை தீர்ந்ததெனக் கொள்க.