வந்தவர் போன பிறகு வகுப்பில் யார்?

1961ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆம் திகதி கானாவின் தலைநகரான அக்ராவில் ஒரு விமானம் வந்திறங்கியது. அதில் வந்த ஐம்பதுக்குச் சற்று மேற்பட்ட அமெரிக்க இளைஞர், யுவதிகள் விமான நிலையத்திலேயே வரிசையாக நின்று துவி மொழியில் ஒரு பாட்டுப் பாடினார்கள். துவி அந்நாட்டு மக்கள் பலர் வீட்டில் பேசும் மொழி. கானாவை நெடுங்காலம் ஆண்ட ஆங்கிலேயரில் எத்தனை பேர் அதைப் படிக்க மினக்கெட்டிருப்பார்கள்?

வந்தவர்கள் ஆசிரியர்கள். ஜனாதிபதி கென்னடி அவ்வாண்டு மார்ச் மாதம் தொடங்கிய சமாதானப் படையின் முதல் தொகுதியினர். படை என்றதும் எமது மக்களுக்கு 1987 நினைவுக்கு வரும். இவர்கள் கையில் துவக்கு இல்லை, வெண்கட்டிதான். கானா சுதந்திரமடைந்து நாலு வருடந்தான் ஆகியிருந்தது. இடைநிலைப் பாடசாலைகள் வேகமாகத் திறக்கப்பட்டன. படிப்பிக்கப் பட்டதாரிகள் போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே இவர்கள் இரண்டு வருடத்திற்கு அழைக்கப்பட்டார்கள்.

இவர்களுக்கு முன்னரே, 1958இல், பிரித்தானியாவில் அலெக் டிக்சனும் அவர் மனைவி மோராவும் இதுபோன்றதொரு தொண்டர் சேவையைத் தொடங்கியிருந்தனர். அவர்கள் முதலில் அனுப்பியது பாடசாலையை விட்டு அப்போதுதான் வெளியேறிய பதினெட்டு வயதுப் பிள்ளைகளை. நல்ல மனம் இருந்தது, தொழில் தெரியாது. சில வருடங்களுக்குள் பட்டதாரிகளையும் அனுப்பத் தொடங்கினார்கள். நெல் விதைக்கத் தெரியாதவனை இரக்கத்துக்காக வயலில் இறக்குவோமா? பிள்ளையின் படிப்பும் அப்படித்தான்.

எத்தியோப்பியாவின் கதையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1962இல் அங்கு ஒரே தடவையில் 280 பேரளவில் அமெரிக்கத் தொண்டர்கள் போய்ச் சேர்ந்தார்கள். இடைநிலைப் பாடசாலைகளில் பட்டதாரி ஆசிரியர்களின் தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. பெரிய காரியந்தான். ஆனால் ஒரு நாட்டின் மேல்வகுப்புகளில் பாதிக்குக் கிட்டப் பிற நாட்டாரின் கையில் இருந்தால், அந்தப் பிற நாட்டார் போகும்போது என்ன நடக்கும்? 1974இல் அங்கே புரட்சி வந்தது. 1977இல் சமாதானப் படை நாட்டைவிட்டு வெளியேறியது.

அதே எத்தியோப்பியாவில் 1964இல் வேறொன்றும் தொடங்கியிருந்தது. அதைப் பற்றி வெளியில் பேசுவோர் குறைவு. பல்கலைக்கழக மாணவர்கள் பட்டம் பெறுவதற்கு முன் ஒரு வருடம் மாகாணங்களுக்குப் போய்ச் சேவை செய்யவேண்டும் என்ற ஒழுங்கு அது. பெரும்பாலானோர் பாடசாலைகளில் படிப்பித்தார்கள். விமானம் ஏறிப் போக அவர்களுக்கு வேறு நாடு இல்லை. கானாவும் 1973இல் தன் பட்டதாரிகளுக்குத் தேசிய சேவையை ஏற்படுத்தியது. எனக்கு அக்ராவில் பாடிய பாட்டைவிட இதுவே பெரிதாகப் படுகிறது.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, அறுபதுக்கு மேற்பட்ட நாடுகளில் இருந்த சமாதானப் படைத் தொண்டர்கள் ஏறத்தாழ 7,000 பேரும் திருப்பி அழைக்கப்பட்டார்கள். பலர் சாமான் கட்டவே நேரமின்றிப் புறப்பட்டார்கள். அவர்களைக் குறைசொல்ல நான் வரவில்லை. பிள்ளையை அனுப்பிய தாய் எந்த நாட்டிலும் தாய்தான். ஆனால் ஆபத்து வரும்போது வெளியாருக்கு ஒரு வாசல் திறந்திருக்கும், ஊராருக்கு அது இல்லை. இதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவின்பேரில் ஐ.நா.வும் வெளிநாட்டு நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் புறப்பட்டபோது, போகவேண்டாம் என்று வாசலில் நின்று கேட்டவர்கள் எம்மவர்களே.

ஆகவே வெளிநாட்டுத் தொண்டர் ஒருவர் உங்கள் பாடசாலைக்கு வந்தால் வரவேற்று உபசரியுங்கள். தேநீரோடு சில கேள்விகளையும் வையுங்கள். எத்தனை மாதம் நிற்பார்? இதற்கு முன் எங்கே படிப்பித்தார்? எமது மொழியில் பத்துச் சொல்லாவது படிக்க விருப்பமா? அவரோடு வகுப்பில் நிற்கப்போகும் எமது ஆசிரியர் யார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். போர்க்காலத்தில் எமது வகுப்புகளைத் தாங்கிய தொண்டர் ஆசிரியர்களை மறந்துவிடாதீர்கள். பெரும்பாலும் ஊர்ப் பிள்ளைகள், கையில் கிடைத்ததோ சொற்பம். நிரந்தர நியமனத்துக்காக அவர்களில் பலர் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்கு வரும் விருந்தாளிக்கு மாலை போடும் நாம் இவர்களுக்கு என்ன செய்தோம் என்று எண்ணிப் பார்க்கையில் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு விடயம், இது பயமுறுத்த அல்ல. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அநாதை இல்லங்களின் தொகை நூற்றுக்கு 75 வீதம் கூடியது. அங்கிருந்த பிள்ளைகளில் பெரும்பான்மையோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார். வெளிநாட்டுத் தொண்டரும் சுற்றுலாப் பயணிகளும் அள்ளிக் கொடுத்த பணமே அந்த இல்லங்களில் பலவற்றை வளர்த்தது. வறிய பெற்றோரிடம் சொல்லப்பட்டது ஒன்றுதான்: பிள்ளைக்குப் படிப்புக் கிடைக்கும். படிப்பு வேண்டுமென்றால் ஆசிரியர் பிள்ளை இருக்கும் இடத்துக்கு வரட்டும். பிள்ளையை வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோகும் திட்டம் எதிலும், அதை யார் கொண்டுவந்தாலும், நாங்கள் பாதிரிமாரே கொண்டுவந்தாலும், முழு விபரமும் அறியாமல் கையொப்பம் வைக்காதீர்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் அதிபரிடம் ஒன்று கேளுங்கள். வருகிற வெளிநாட்டு ஆசிரியர் ஆங்கிலம் படிப்பிக்கும் பாடவேளைகளில், உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் எமது பிள்ளைகள் இரண்டு பேர் பின்வாங்கில் இருந்து கவனிக்கலாமா என்று.