ஸோஷல் வொர்க்கர் மேல் புகாரா? எந்த வாசலைத் தட்டுவது?

டாக்டர் மேல் புகார் என்றால் மெடிக்கல் கவுன்சில் இருக்கிறது. வக்கீல் மேல் என்றால் பார் கவுன்சில். நர்ஸுகளுக்கும் தனிக் கவுன்சில், தனிப் பதிவேடு உண்டு. ஆனால் நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கணவர் சம்பளத்திலிருந்து மாமியார் மனஸ்தாபம் வரை கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறாரே ஸோஷல் வொர்க்கர், அவர் முறைதவறி நடந்தால்?

"அந்தம்மா நல்லதுக்குத்தானே வர்றாங்க!" என்பீர்கள். பெரும்பாலோர் அப்படித்தான். கிழக்குத் தாம்பரத்தில் கிறிஸ்துவக் கல்லூரியிலும், 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் ஸோஷல் வொர்க்கிலும் எம்.எஸ்.டபிள்யூ. படித்துவிட்டு, சொற்பச் சம்பளத்தில் வெயிலில் அலைகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனாலும் தத்துக் குழந்தை ஒரு வீட்டுக்கு வரலாமா, காப்பகத்தில் இருக்கும் பிள்ளை தாயிடம் திரும்பலாமா என்பதற்கெல்லாம் அவர்கள் எழுதும் அறிக்கைதான் அஸ்திவாரம். அவ்வளவு பலம் உள்ள பேனாவைக் கேள்வி கேட்கவும் ஓர் இடம் வேண்டாமா?

இங்கிலாந்தில் இருக்கிறது. 2005 முதல் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் தம்மை 'ஸோஷல் வொர்க்கர்' என்று அங்கே சொல்லிக்கொள்ள முடியாது. 2019 டிசம்பர் முதல் 'ஸோஷல் வொர்க் இங்கிலாந்து' என்ற அமைப்பு அந்தப் பதிவேட்டைப் பராமரிக்கிறது. யார் வேண்டுமானாலும் அதற்குப் புகார் எழுதலாம். முதலில் சலித்துப் பார்ப்பார்கள். விஷயம் இருந்தால் விசாரணை. பிறகு இரண்டு பேர் பரிசீலிப்பார்கள். ஒருவர் அதே தொழிலைச் சேர்ந்தவர், மற்றவர் வெளியாள். (இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. தொழில்காரர்கள் மட்டும் கூடினால் தங்கள் ஆளை விட்டுக்கொடுப்பார்களா?) தேவையானால் பகிரங்க விசாரணை. எச்சரிக்கை, நிபந்தனை, தற்காலிக நீக்கம், கடைசியாகப் பதிவேட்டிலிருந்தே பெயர் நீக்கம் என்று தண்டனை படிப்படியாக ஏறும்.

நம் நாட்டில் எல்லா ஸோஷல் வொர்க்கர்களுக்குமாக ஒரே பதிவேடு கிடையாது. ஆகவே இங்கே முதல் கேள்வி, "அம்மா, உங்களை அனுப்பியது யார்?" என்பதுதான். அடையாள அட்டையைக் காட்டச் சொல்லிப் பெயரையும் அலுவலகத்தையும் குறித்து வையுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. புகார் போகவேண்டிய வாசல் அந்த அட்டையில்தான் இருக்கிறது.

மனநல மருத்துவமனையில் வேலை பார்ப்பவரா? 2017 மனநலச் சட்டப்படி அவர் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சிகிச்சையில் குறை என்றால் முதலில் அங்குள்ள பொறுப்பு அதிகாரி, அப்புறம் மறுஆய்வு வாரியம், அதற்கும் மேல் ஆணையம். ஊனமுற்ற குழந்தைகளுக்கான மறுவாழ்வுப் பணியாளரா? 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கவுன்சில், தொழில் ஒழுக்கம் தவறியவரின் பெயரை அடித்துவிடலாம். மற்ற மருத்துவமனைகளில் இருக்கும் சமூகப் பணியாளர்களை 2021-ல் வந்த ஒரு மத்தியச் சட்டம் கவுன்சில்களின் கீழ் கொண்டுவந்திருக்கிறது.

வீட்டில் அடி உதை என்று போகும் பெண்ணுக்கு உதவவேண்டியவர், சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலர். "அட்ஜஸ்ட் பண்ணிட்டுப் போம்மா" என்று திருப்பி அனுப்புவது அவர் வேலை அல்ல. மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட கடமையைத் தக்க காரணமின்றிச் செய்யாவிட்டால் ஓராண்டு வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம் என்று 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் 33-ஆம் பிரிவே சொல்கிறது. வழக்குப் போட அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது ஒரு முட்டுக்கட்டைதான். ஆனால் இப்படி ஒரு பிரிவு இருப்பது தெரிந்த பெண்ணை யாரும் லேசில் விரட்டமாட்டார்கள்.

குழந்தை சம்பந்தப்பட்டதுதான் ரொம்ப நுட்பமான இடம். "புகார் கொடுத்தா பிள்ளையையே குடுக்காம பண்ணிடுவாங்களோ!" என்ற பயம் தாயின் வாயைக் கட்டிவிடுகிறது. அதனால்தான் புகாரை உங்கள் ஃபைலைக் கையில் வைத்திருப்பவரிடமே கொடுக்கக் கூடாது. குழந்தைகள் நலக் குழுவின் நடவடிக்கையில் குறை என்றால் கேட்கவேண்டியவர் கலெக்டர். இளைஞர் நீதிச் சட்டமே அவரைக் குறைதீர்க்கும் அதிகாரி ஆக்கியிருக்கிறது. இரு தரப்பையும் கேட்டு அவர் உத்தரவு போடவேண்டும். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம்காரர்களுக்குச் செங்கல்பட்டு கலெக்டர். வேளச்சேரி, ஆலந்தூர் என்றால் சென்னை கலெக்டர். திங்கட்கிழமை மனுநாளில் நேரில் கொடுக்கலாம். இளைஞர் நீதி வாரியத்தில் மாஜிஸ்திரேட்டுடன் உட்காரும் இரண்டு ஸோஷல் வொர்க்கர்களும் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினால், அரசு விசாரித்து நீக்கலாம்.

சில விஷயங்களுக்கு மனு போதாது. 2021-ல் மதுரையில் ஒரு காப்பகம், குழந்தை கொரோனாவில் இறந்துவிட்டதாகப் பொய்க் கணக்குக் காட்டி விற்றதாகப் புகார் எழுந்தது. கைதுகள் நடந்தன, காப்பகம் மூடப்பட்டது. குழந்தையை விற்பது, வாங்குவது இரண்டுக்குமே ஐந்தாண்டு வரை கடுங்காவல் உண்டு. காப்பக ஊழியரே குழந்தையைக் கொடுமைப்படுத்தினாலும் ஐந்தாண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் வரை அபராதம். பாலியல் தொல்லை என்றால் நேரே போலீஸ், அல்லது 1098. "முதல்ல எங்க டைரக்டர்கிட்ட சொல்லுங்க, உள்ளுக்குள்ளயே பேசிக்கலாம்" என்பார்கள், கேட்காதீர்கள். தெரிந்தும் போலீஸுக்குச் சொல்லாமல் மறைக்கும் நிர்வாகிக்கு போக்ஸோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை.

மனு எழுதும்போது "அவங்க நடத்தை சரியில்லை" என்று மொட்டையாக எழுதினால் யார் என்ன விசாரிக்க முடியும்? 'இன்ன தேதி, மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தார். அறிக்கை நல்லபடி எழுத மூவாயிரம் ரூபாய் கேட்டார். என் நாத்தனார் கூட இருந்தார்' என்று எழுதுங்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே போடுங்கள். உங்களுக்குப் பிடிக்காத முடிவை எழுதினார் என்பது மட்டும் ஒழுங்கீனம் ஆகாது. அதற்கு மேல்முறையீடு என்று வேறு வழி இருக்கிறது. பணம் கேட்டது, வீட்டு ரகசியத்தைத் தெருவில் சொன்னது, பொய்யாக எழுதியது, மிரட்டியது, தகாதபடி நடந்தது, இவைதான் புகாருக்குரியவை. அரசு ஊழியர் பணம் கேட்டால், கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகலாம்.

புகாருக்கு ஆளானவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும். அதுவரை வேறு பணியாளரைப் போடும்படி அதே மனுவில் கேட்டுவிடுங்கள். பிள்ளையின் பெயர், படம் எதையும் பத்திரிகைக்கோ வாட்ஸப் குழுவுக்கோ கொடுத்துவிடாதீர்கள். அது சட்டப்படி குற்றம். மனுவுக்கு ஒரு நகல் எடுத்து, முத்திரையும் தேதியும் வாங்கி வையுங்கள். தபாலில் என்றால் ஸ்பீட் போஸ்ட் ரசீதை நகலோடு குத்தி, ரேஷன் கார்டு இருக்கும் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.