மூச்சு விட்டா சாம்பிள் காலி! ஆர்க்டிக்கில் காற்றைப் பிடிக்கிறவங்க கதை

ஒரு அரை நிமிஷம் மூச்சை அடக்கிப் பாருங்க. ஆர்க்டிக் குளிரில் காற்று சாம்பிள் எடுக்கிறவங்களுக்கு முக்கியமான விதியே இதுதான். வெளிக்காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுக்கு 400 சொச்சம்தான் கார்பன் டை ஆக்ஸைடு. இதைத்தான் 'பிபிஎம்' கணக்கில் சொல்றாங்க. நாம விடுற மூச்சில் அது சுமார் 40,000. பக்கத்தில் நின்னு ஒரு பெருமூச்சு விட்டாலே மொத்தமும் வேஸ்ட்!

அலாஸ்காவின் வடகோடியில் உட்கியாக்விக்னு ஒரு ஊர். 2016 வரை பாரோ. அங்கே அமெரிக்காவின் நோவா அமைப்பு 1973-லிருந்து நிலையம் நடத்துது. கருவிகள் ராப்பகலா ஓடும். கூடவே கண்ணாடிக் குடுவைகளில் காற்றைப் பிடித்து, கொலராடோவில் இருக்கும் போல்டர் ஆய்வகத்துக்கு பார்சல் பண்ணுவாங்க. கருவி சொல்றது சரிதானான்னு பார்க்க அதுவும் உதவும்.

ஏன் அவ்வளவு தூரம்? பெருநகரம், தொழிற்சாலைப் புகை எதுவும் பக்கத்தில் இல்லை. கடலிலிருந்து வரும் காற்று, வட பாதி பூமியின் காற்றெல்லாம் கலந்த கலவை. ஊர்ப்பக்கமிருந்து வீசினால் வண்டிப்புகை சேர்ந்துடும். அதனால் திசை பார்த்து, அந்த நேரப் பதிவைத் தனியா ஒதுக்கிடுவாங்க.

இந்தக் கலவை சில சமயம் முன்கூட்டியே சேதி சொல்லும். 2012 வசந்த காலத்திலேயே ஆர்க்டிக் நிலையங்களில் அளவு 400 பிபிஎம் தாண்டிடுச்சு. உலகமே கவனிக்கிற ஹவாய் மௌனா லோவாவில் ஒருநாள் சராசரி அதைத் தொட்டது 2013 மே மாதம்தான். தொழிற்புரட்சிக்கு முன்னாடி இது வெறும் 280.

ஆனா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது வேற விஷயம். ஆர்க்டிக்கின் உறைந்த மண்ணுக்குள் காற்றில் இருப்பதைப்போல சுமார் ரெண்டு மடங்கு கார்பன் இருக்கு. உறைஞ்சிருக்கிற வரைக்கும் பிரச்னை இல்லை. உருகினால் நுண்ணுயிரிகள் அதைத் தின்று கார்பன் டை ஆக்ஸைடா வெளியே விடும்.

பாரோவில் கடல்பக்கக் காற்றையும் தரைப்பக்கக் காற்றையும் ஒப்பிட்டு 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்குள்ள டன்ட்ரா நிலம் வெளியே விடும் அளவு, 1975-க்குப் பிறகு சுமார் 73 சதவிகிதம் கூடியிருக்காம்! மேலே பனி மூடி, செடியெல்லாம் படுத்த பிறகும், அடிமண் உறைய இப்போ ரொம்ப நாளாகுது. அதுவரை நுண்ணுயிரிகளுக்கு விருந்துதான்.