கல்லை விழுங்கும் சக்கரம்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஜீப்பில் போனவர்களுக்கு அந்த வழி உடம்பிலேயே நினைவிருக்கும். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், ஏறத்தாழ 7,900 அடி உயரத்தில். வண்டி போகும் வழியோ கேரளப் பக்கமிருந்து. வழியெங்கும் தேங்காய் அளவிலும் குடத்தளவிலும் கற்கள். சூரியோதயம் பார்க்க இருட்டில் ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் வந்தபின் இறங்கும்போதுதான் நான் தலையை வெளியே நீட்டி முன்சக்கரத்தைப் பார்த்தேன்.

ஒரு கூர்மையான கல் வந்தது. சக்கரம் அதன்மேல் ஏறி இறங்கும் என்று நினைத்தேன். பாதிதான் ஏறியது, மீதிக் கல் டயருக்குள் அமிழ்ந்தது. பக்கச்சுவர் புடைத்தது, டயர் முகத்தில் துருத்தி நிற்கும் பட்டன்கள் கல்லின் இருபுறமும் மடிந்து கவ்வின, அடுத்த நொடி எல்லாம் பழையபடி வட்டம். சில அடிகளுக்கு ஒருமுறை இதே கதை.

ஃபோர் வீல் வண்டிக்கு ஆல் டெரெய்ன் டயர் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் பார்ப்பது பட்டனைத்தான். எவ்வளவு ஆழம், எவ்வளவு முரடு என்று தடவிப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தக் கல்லைக் கவ்வியது முதலில் டயரின் வளைவு. பட்டன் அதற்கு அடுத்தது. எந்த டயர் வாங்கலாம் என்ற கேள்வி, எங்கே எவ்வளவு வளையும் டயர் நமக்கு வேண்டும் என்ற கேள்விதான்.

ரப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, அதன் மூலக்கூறுகள் கல்லின் பரப்போடு ஒட்டுவது. நடுவே தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் இந்த ஒட்டு பெரும்பாலும் போய்விடும். ஈரப்பாறையில் காப்பாற்றுவது இரண்டாவது விதம். கல்லின் சொரசொரப்பு ரப்பரை அமுக்குகிறது. ரப்பர் உடனே நிமிராமல் கொஞ்சம் தாமதித்து நிமிர்கிறது. அமுக்கும்போது கொடுத்த ஆற்றல் முழுவதும் திரும்பி வருவதில்லை, ஒரு பங்கு சூடாகிவிடுகிறது. வழுக்கலை எதிர்க்கும் விசை அந்த இழப்பிலிருந்துதான் பிறக்கிறது. கீழே வந்து வண்டி நின்றதும் டயரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மலைக்குளிர் இன்னும் விடவில்லை; டயர் வெதுவெதுப்பாக இருந்தது.

இந்தப் பிடிக்கு ஒரு விலை உண்டு. நெடுஞ்சாலையிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் டயர் வளைந்து நிமிர்கிறது, அங்கேயும் ஆற்றல் சூடாகக் கரைகிறது, அந்தச் சூட்டுக்கு டீசல் செலவாகிறது. சிலிக்கா சேர்த்த கலவைகள் இந்த இழுபறியைத் தளர்த்தியிருக்கின்றன; தீர்த்துவிடவில்லை.

சூட்டைப் பற்றிப் பேசும்போது ஒரு சோதனை. அகலமான ரப்பர் பேண்ட் ஒன்றைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள்: சூடு தெரியும். இழுத்தபடியே சிறிது நேரம் வைத்திருந்து, விட்டவுடன் மறுபடி உதட்டில் வையுங்கள்: ஜில்லென்றிருக்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதியவர் ஜான் காஃப் என்ற ஆங்கிலேயர். அவருக்குச் சிறுவயதிலேயே பார்வை போய்விட்டிருந்தது. காரணம், ரப்பருக்குள் சிக்கிக் கிடக்கும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் இழுபடும்போது வரிசைக்கு வருகின்றன. இயற்கை ரப்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், நன்றாக இழுபட்ட இடம் படிகமாகவே இறுகுகிறது. கல் கீறி டயரில் ஒரு கிழிசல் விழுந்தால், அதிக இழுவை அந்தக் கிழிசலின் நுனியில்தான். படிகம் உண்டாவதும் அங்கேதான். கிழிசல் தன் வழியைத் தானே அடைத்துக்கொள்கிறது! லாரி டயரிலும் விமான டயரிலும் இயற்கை ரப்பர் இன்றும் பெரும்பங்கு வகிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். குலசேகரம் பக்கம் ரப்பர் மரத்தில் கட்டிய சிரட்டையில் வடியும் பாலுக்குள் இந்தக் குணம் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும்.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது பெரும்பாலும் ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. 1,800 கிலோ வண்டி என்றால் ஒரு சக்கரத்தின்மேல் ஏறத்தாழ 450 கிலோ. 32 பிஎஸ்ஐ காற்று என்பது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.25 கிலோ. வகுத்துப் பார்த்தால் 200 சதுர சென்டிமீட்டர். ஒரு ஏ4 தாளில் மூன்றில் ஒரு பங்கு. ஒவ்வொரு சக்கரமும் தரையைத் தொடுவது அவ்வளவுதான். காற்றைப் பாதியாக இறக்கினால் இந்தத் தடம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அகலத்தைவிட நீளத்தில்தான் அதிகம் வளரும்.

மணலில் இதுதான் பாதி வித்தை. 1920களிலும் 30களிலும் ரால்ஃப் பாக்னோல்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் எகிப்து, லிபியப் பாலைவனங்களுக்குள் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு போனார். டயரில் காற்றைக் குறைத்து மணல்மேடுகளைக் கடந்தார். பிறகு மணல் நகரும் இயற்பியலைப் பற்றி 1941இல் ஒரு நூலே வெளியிட்டார். மணலில் ஆழமான பட்டன் எதிரி. அது மண்வெட்டிபோல் தோண்டி வண்டியைப் புதைக்கும். சேற்றில் நேர்மாறு. அங்கே பட்டன்களுக்கு நடுவே அகலமான இடைவெளி வேண்டும், சக்கரம் சுழலும்போது சேறு தெறித்து வெளியேறவும் வேண்டும். இடைவெளி அடைத்துக்கொண்டால் எவ்வளவு விலை உயர்ந்த டயரும் மொட்டை டயர்தான்.

சேற்றுக்கென்றே செய்த எம்டி டயர் தார் ரோட்டில் ஏன் தடுமாறுகிறது என்பதும் இப்போது விளங்கும். இடைவெளி அதிகம் என்றால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான பட்டன்கள் பிரேக் பிடிக்கும்போது நெளிகின்றன. மழையில் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும். சத்தமும் கூட. சத்தத்தைக் குறைக்க ஒரு நேர்த்தியான உபாயம் உண்டு. ஸ்கேல் எடுத்துக்கொண்டு போய் நிற்கிற வண்டியின் டயரில் அடுத்தடுத்த பட்டன்களின் நீளத்தை அளந்து பாருங்கள். பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பவை மில்லிமீட்டர் கணக்கில் வேறுபடும். எல்லாம் ஒரே நீளமாக இருந்தால் ஒரே சுருதியில் ஊளையிடும். நீளத்தைக் கலைத்து அடுக்கினால் அந்தச் சத்தம் பல சுருதிகளாகப் பிரிந்து வெறும் இரைச்சலாக அடங்கிவிடும்.

வருடத்தின் பெரும்பகுதி தார் ரோட்டில் ஓடி, எப்போதாவது மலைப்பாதைக்குப் போகும் வண்டிக்கு ஏடி, அதாவது ஆல் டெரெய்ன், போதும் என்பது என் கருத்து. தினமும் சேற்றில் உழல்பவருக்கே எம்டி. மலைக்கே போகாதவர் நெடுஞ்சாலைக்கென்று செய்த ஹெச்டி டயரோடு நிம்மதியாக இருக்கலாம். கல் பாதை என்றால் பட்டனைவிடப் பக்கச்சுவரின் பலத்தைக் கேட்டு வாங்குங்கள். அங்கே விழும் வெட்டுக்குப் பஞ்சர் ஒட்ட முடியாது.

பக்கச்சுவரில் 255/65 ஆர்18 என்று இருந்தால் அகலம் 255 மில்லிமீட்டர், சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 18 அங்குலம். ஆக, டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 789 மில்லிமீட்டர். ஆசைக்கு 5 சதவீதம் பெரிதாகப் போட்டால், முன்பு சரியாக 100 காட்டிய மீட்டர் அதே 100 காட்டும்போது வண்டி 105இல் போகும். நான்கையும் ஒரே அளவில் மாற்றுங்கள். முன்னும் பின்னும் வேறு விட்டமாக இருந்தால், ஃபோர் வீல் போட்டதும் இரண்டு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கும். அதே பக்கச்சுவரில் இருக்கும் 2324 போன்ற நான்கு இலக்க எண் டயரைச் செய்த தேதி: 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். கடையில் வருடக்கணக்கில் கிடந்த டயரை இது காட்டிக்கொடுத்துவிடும்.

மணலுக்காக இறக்கிய காற்றைத் தார் ரோட்டில் ஏறுமுன் திரும்பப் பிடித்தாக வேண்டும். குறைந்த காற்றில் வேகமாகப் போனால் டயர் அளவுக்கு மீறி வளைந்து, அளவுக்கு மீறிச் சூடாகி, வெடித்துவிடக்கூடும். கையில் கம்ப்ரசரும் காற்று அளக்கும் கேஜும் இல்லாமல் மணலில் இறங்காதீர்கள்.