விடைகொடுக்கும் நாளிலும் நல்லுறவு

கொள்முதல் ஆணைகள் குறைந்து, மூலப்பொருள் விலையும் கடன் தவணையும் ஒருசேர நெருக்கும்போது, பல ஆண்டுகள் உடனுழைத்தவரை அனுப்பிவைக்க வேண்டிய நிலை சிறுதொழில் முனைவோர் பலருக்கும் நேர்கிறது. அம்முடிவு தவிர்க்க இயலாததாக இருக்கலாம். அதை எவ்வாறு நிறைவேற்றுகிறோம் என்பது நம் கையில்தான் உள்ளது.

ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நிறுவனம் 1990களில் ஆலையை நவீனமாக்கியபோது, 75,000க்கும் மேலிருந்த பணியாளர் எண்ணிக்கையைப் படிப்படியாக ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. தாமாக விலக முன்வந்தோருக்கு ஓய்வு வயது வரை மாதந்தோறும் தொகை வழங்கும் திட்டத்தை அது வகுத்தது. இத்தகைய செலவு சிறு நிறுவனங்களுக்கு இயலாது. ஆயினும், விலகுபவரின் வீட்டில் அடுத்த மாதம் அடுப்பெரியுமா என்று முதலில் எண்ணிப்பார்த்த அந்த அணுகுமுறையை எவரும் பின்பற்றலாம்.

சட்டம் இதற்கு ஓர் அடித்தளம் அமைத்துள்ளது. ஓராண்டேனும் தொடர்ந்து பணியாற்றிய தொழிலாளரை ஆள்குறைப்பில் விலக்கும்போது ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தர வேண்டும். பணி நிறைவுற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகும். நிரந்தரப் பணியில் 5 ஆண்டு நிறைந்தோருக்குப் பணிக்கொடையும் உண்டு. இத்தொகைகளைத் தவணை சொல்லி இழுத்தடிப்பதைப் போல் நல்லெண்ணத்தைக் கெடுப்பது வேறில்லை.

சட்டம் கேட்காத சிலவும் உண்டு. செய்தி வதந்தியாகப் பரவுமுன் உரிமையாளரே நேரில் அமர்ந்து காரணத்தை எடுத்துரைக்க வேண்டும். பணிச்சான்றிதழை அன்றே கையளிக்கலாம். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் பணி விலகிய நாளைத் தாமதமின்றிப் பதிவுசெய்தால், அவர் தம் பணத்திற்காக அலைய நேராது. வீட்டுக்கடனோ வாகனக்கடனோ உள்ளவரிடம், தவணை தவறுவதற்கு முன்பே வங்கிக் கிளையை அணுகுமாறு சொல்வதும் ஓர் உதவியே.

பதவி இறக்கம் இதனினும் நுட்பமானது. மனம் புண்பட்டவர் மறுநாளும் அதே வாசலில் நுழைகிறார். ஊதியக் குறைப்பு போன்ற மாற்றங்களுக்குச் சட்டப்படி முன்னறிவிப்பு தேவை. அத்துடன், எந்தக் குறையால் இந்த மாற்றம், எப்போது மறுபரிசீலனை என்பவற்றைத் தெளிவாகச் சொல்வதும், பிறர் முன்னிலையில் அதைப் பேசாதிருப்பதும் அவர் மதிப்பைக் காக்கும்.

எஞ்சியிருப்போர் இவை அனைத்தையும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். ஆணைகள் திரும்பிவரும் காலத்தில், விலக்கப்பட்டோருக்கு மறுவேலையில் முன்னுரிமை தரச் சட்டமும் சொல்கிறது. அன்று நாம் அழைக்கும்போது அவர் மனமுவந்து வருவாரா என்பது, விடைகொடுத்த நாளில் நாம் நடந்துகொண்ட விதத்தைப் பொறுத்தது.